ஸ்டூல் போட்டிருக்கோம்லா, அத்தை!

பதிவு நீளம்தான். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இப்போதே ஓடிவிடலாம். ஆனால் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாக என்னைக் கேலி செய்கிறவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும். முக்கியமாக என் மருமகன்.

போன வாரம் தங்கை பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என் தம்பி மகன் கடைக்குப் போனோம். "நம்ம கடை" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கடை. பட்டு செக்‌ஷனில் சேலை எடுத்துப் போட்டவள் என்னைப் பார்த்ததும் "டீச்சர்!" என்றாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவள். இப்போது நாற்பதைத் தொடுகிறாள். நாங்கள் ஒன்பது பேர் இரண்டரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, பார்டர் சரியில்லை, முந்தி சரியில்லை என்று எண்பது சேலையாவது பிரிக்க வைத்திருப்போம். அவள் நின்றாள். நடுநடுவே ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்துக்கொண்டாள்.

மற்றவர்கள் பில் போடப் போன நேரத்தில், "காலைக் காட்டு" என்றேன். முதலில் மறுத்தாள். டீச்சர் குரலில் இன்னொரு தடவை சொன்ன பிறகு காட்டினாள். கணுக்காலுக்குச் சற்று மேலே உள்பக்கத்தில் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. நடுவில் ஐந்து ரூபாய் அகலத்துக்கு ஒரு புண். எட்டு மாதமாக ஆறவில்லையாம்.

"சுகரா?"

"இல்ல டீச்சர். மூணு தடவ டெஸ்ட் எடுத்தாச்சு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நரம்பு சுருட்டிருக்காம். ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க."

"என்ன வேலை பாக்கேன்னு கேட்டாரா?"

யோசித்துப் பார்த்தாள். "கேக்கல டீச்சர்."

அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. பிரித்துப் போட்டு மடிக்காத சேலைகள் அதன் மேல் மார்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன.

அன்று ராத்திரியே மருமகனுக்குப் போன் செய்தேன். சிரித்தான். "ஸ்டூல் போட்டிருக்கோம்லா, அத்தை! அவங்க உக்கார மாட்டேங்காங்க. நான் என்ன செய்ய?" என்றான். அதைக் குரூப்பில் எழுதினேன். அதற்குத்தான் இத்தனை பேச்சு.

முதலில் ஒரு திருத்தம். சுருட்டுவது நரம்பு இல்லை, சிரை. பரீட்சையில் நரம்பு என்று எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியதை மறந்திருப்பீர்கள். இதயம் தள்ளும் ரத்தம் காலுக்கு இறங்குவது சுலபம், திரும்பி மேலே ஏறுவதுதான் கஷ்டம். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சிரையை அழுத்தி ரத்தத்தை மேலே பிதுக்கும். ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்ளும். அசையாமல் நிற்கிறவரின் கணுக்காலில் சிரையின் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்க ஆரம்பித்தால் அது 30க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம், வருஷக்கணக்கில் அந்த 90ஐத் தாங்குகிற வால்வு ஒருநாள் மூட மறுக்கிறது. ரத்தம் தேங்குகிறது, சிரை புடைத்து வளைகிறது. அப்புறம் வீக்கம், அரிப்பு, கறுப்பு, கடைசியில் புண். இதெல்லாம் முதல் வருஷத்தில் தெரியாது, ஐந்தாம் வருஷத்திலும் பெரிதாகத் தெரியாது. தெரியவரும்போது அவள் வேறு கடைக்கு மாறியிருப்பாள், பழைய முதலாளிக்கு அவள் பெயர்கூட நினைவிருக்காது. அதனால்தான் சொல்கிறேன், அது அவள் உடம்பு வாகு இல்லை. அந்த வேலை தந்த புண்.

"சும்மா சொல்லாதீங்க சித்தி, அது பரம்பரை" என்று எழுதிய பிள்ளைக்கு: பரம்பரைக்குப் பங்கு உண்டு. பிரசவத்துக்கும் உடல் எடைக்கும் பங்கு உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான வேலையாட்களை 12 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நாளின் பெரும்பகுதி நின்றோ நடந்தோ வேலை பார்த்தவர்கள் இந்தச் சிரைக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவர்களைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதலாக இருந்தது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,300 பேரை அதே 12 வருஷம் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு, உட்கார்ந்து பார்ப்பவர்களைவிட, இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. புகை, எடை, வயது எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இந்த நிலை. காலோடு போகிற சமாசாரம் இல்லை இது. பரம்பரையாகவே சிரை பலவீனம் என்றால் அவளை இன்னும் குறைவாக அல்லவா நிற்க வைக்க வேண்டும்?

மதினி ஒருத்தர், "நாங்கள்லாம் வயக்காட்டுல நாள் முழுக்க நிக்கலையா" என்று கேட்டிருக்கிறார். மதினி, நீங்கள் நிற்கவில்லை. குனிந்தீர்கள், நிமிர்ந்தீர்கள், வரப்பு வரப்பாக நடந்தீர்கள். அதற்கு இடுப்பு போயிற்று, அது வேறு கதை, அதையும் யாரும் எழுதிவைக்கவில்லை. இரண்டு அடி இடத்தில் சிலையாக நிற்பது தனி. நானும் 31 வருஷம் நின்றுதான் பாடம் நடத்தினேன். இடது காலில் எனக்கும் சிரை புடைத்துத்தான் இருக்கிறது. ஆனால் பெஞ்சுக்கு நடுவே நடந்தேன். மணி அடித்தால் ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். வகுப்பிலேயே எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்ததற்காக எவரும் என் சம்பளத்தில் பிடிக்கவில்லை.

சாஃப்ட்வேர் பிள்ளைகள் சிலர், "டீச்சர், நாங்க உட்கார்ந்தே சாகிறோம்" என்றீர்கள். உண்மைதான், நாள் முழுக்க உட்காருவதும் கேடு. உட்கார்ந்தும் எழுந்தும் மாறிமாறி இருப்பதைத்தான் உடம்பு கேட்கிறது. உங்களுக்கு எழுந்து போய் டீ குடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவள் உட்காரக் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தாலியில் ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியவர். நின்று வேலை செய்கிறவர்களுக்கு அதில் ஒரு பகுதி உண்டு, கால் சிரை புடைப்பதும் அதில் வருகிறது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் வைத்தியர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றவர் அவர். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மாணவியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் சீட்டில் நோயின் பெயர் மட்டும் இருக்கிறது. நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் உண்டு, ஈய நஞ்சு உண்டு. சுருண்ட சிரைக்கு இடமில்லை. ஆகவே செலவு அவளுடையது, வலியும் அவளுடையது, "ரெஸ்ட் எடு" என்ற மருந்துக்குச் சம்பளப் பிடித்தமும் அவளுடையது.

சட்டம் புதுசு, பழக்கத்துக்கு வர நாளாகும் என்கிறான் மருமகன். எது புதுசு? இங்கிலாந்தில் 1899லேயே கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அப்போது நம்மை ஆண்டவர்களும் அவர்கள்தான், அந்தச் சட்டம் மட்டும் கப்பல் ஏறவில்லை. நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டம் 44ஆவது பிரிவில், நின்று வேலை பார்ப்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்யச் சொன்னது. மெஷின் முன் நிற்பவருக்குக் கால் உண்டு என்று 1948இல் தெரிந்தவர்களுக்கு, கவுன்டர் முன் நிற்பவளுக்கும் கால் உண்டு என்று தெரிய இன்னும் எழுபது வருஷம் ஆயிற்று.

தெரியவைத்தவர்களும் அந்தப் பெண்களேதான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளியின் முன்முயற்சியில், பெண்கூட்டு என்று ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. அது இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்து, நீர்க்கடுப்பிலும் கல்லிலும் அவதிப்பட்டவர்கள். பிறகுதான் உட்காரும் உரிமை. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதா கொண்டுவந்தார். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலை நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மருமகனே, சட்டம் ஸ்டூல் வாங்கச் சொல்லவில்லை. உட்கார விடச் சொல்கிறது. "அவங்க உக்கார மாட்டேங்காங்க" என்றாயே, ஏன் என்று அவளிடம் கேட்டேன். கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் செக்‌ஷன் பெயரைச் சொல்வாராம். பெயர் வந்தால் மாதக் கடைசியில் இன்சென்டிவில் குறையுமாம். இது உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அல்லது அப்படி நினைக்க விரும்புகிறேன். கஸ்டமர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்றும் சொன்னாய். பேங்கில் கேஷியர் உட்கார்ந்துதானே பணம் தருகிறார், உனக்கு மரியாதை குறைந்துவிட்டதா?

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். இதை எழுத மூன்று நாள் ஆனதற்குக் காரணம் இதுதான்.

இருபது வருஷத்துக்கு முன்னால், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையிலிருந்து ஓர் ஆள் நம் ஊருக்கு வந்தார். எங்கள் பள்ளிக்கும் வந்தார். "கஷ்டப்படுற குடும்பத்துப் பிள்ளைங்களா இருந்தா நல்லது டீச்சர். தங்குற இடம், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். ஏன் கஷ்டப்படுகிற குடும்பமாகப் பார்த்துக் கேட்கிறார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் ஆறு பெயர் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் வீட்டில் அப்பா சம்மதிக்கவில்லை, நானே நேரில் போய்ப் பேசினேன். காலில் புண்ணோடு நிற்கிறாளே, அவள் அந்த ஆறில் ஒருத்தி. ஒன்பது வருஷம் தி. நகரில் நின்றாள். கல்யாணம், பிள்ளை என்று சில வருஷம் போக, மீதி நம் கடையில். 2010இல் "அங்காடித் தெரு" படம் வந்தபோது திருநெல்வேலியில் தியேட்டரில் உட்கார்ந்து அழுதேன். அந்தத் தீபாவளிக்குச் சென்னையில் மகன் வீட்டுக்குப் போனபோது அதே தெருவில்தான் துணி எடுத்தேன். சிரையும் வால்வும் நடத்தியவள் நான். பெயரை எழுதிக் கொடுத்தவளும் நான்.

அதனால் மருமகனே, இதை உன் மேல் மட்டும் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவள் சிகிச்சைச் செலவில் பாதியை நான் தருகிறேன், மீதியைக் கடை தரட்டும். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ரத்தநாளப் பிரிவுக்கு நானே கூட்டிப் போகிறேன், அங்கே என்ன வேலை என்பதை நானே சொல்லி எழுத வைக்கிறேன். புண் ஆறும் வரை அவளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடு. மற்றப் பிள்ளைகளுக்கு ஸ்டூலில் இருக்கிற சேலையை இறக்கு. உட்கார்ந்ததற்காக மைக்கில் பெயர் வாசிக்கக்கூடாது என்று சூப்பர்வைசரிடம் எல்லோர் முன்னாலும் சொல், தனியாகச் சொன்னால் நடக்காது. மூன்றாம் மாடிக் கழிப்பறையின் சாவியைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கதவிலேயே மாட்டு. இதற்கெல்லாம் என்ன செலவாகும் என்று நீயே கணக்குப் பார். இந்தக் கல்யாணத்தில் நமக்குக் கொடுத்த தள்ளுபடியைவிடக் குறைவாகத்தான் வரும்.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும். இந்தப் பதிவால் அவள் வேலைக்கு ஏதாவது வந்தால் அடுத்த பதிவில் கடையின் பெயர் வரும். அத்தை எழுதுவாளா என்று உன் அப்பாவிடம் கேட்டுப் பார்.

மாப்பிள்ளை வீட்டுத் துணி இன்னும் எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மேல் எல்லோரோடும் கடைக்கு வருகிறேன். ஸ்டூல் காலியாக இல்லை என்றால் எனக்குப் போடுகிற நாற்காலியில் அந்த செக்‌ஷன் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு நான் நிற்பேன். எனக்கு 68 வயது. எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பார்ப்போம்.

அந்த ஆறு பேரில் மற்ற ஐந்து பேர் யாராவது இதைப் படித்தால் டீச்சரைக் கூப்பிடுங்கள். நம்பர் பழையதுதான்.