முதல் மரியாதை சென்டருக்கு

மாடியில் ஓர் அறையை ஒதுக்கி ஹோம் தியேட்டர் போடுவது நம் புதுச்சேரியில் இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளை பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்து போட்டுக் கொடுக்கிறான், அல்லது ஓய்வுபெற்ற கையோடு அப்பாவே போடுகிறார். லட்சக்கணக்கில் செலவாகிறதே என்று நான் குறை சொல்ல வரவில்லை. அவரவர் காசு, அவரவர் ஆசை. என் குறை வேறு. நான் போய் உட்கார்ந்து பார்த்த இப்படிப்பட்ட அறைகளில் பாதிக்கு மேல் வசனம் புரியவில்லை.

குண்டு வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றுகிறது. பிறகு கதாநாயகன் அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொல்கிறான். வீட்டுப் பெரியவர் "என்ன சொன்னான்?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கிறார். இரண்டு தடவை கேட்பார். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சம். பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சிரிக்கும்போது, என்ன நகைச்சுவை என்று தெரியாமலே அவரும் சிரித்து வைப்பார். நாலாவது வாரம் "முட்டி வலி, மாடி ஏற முடியலை" என்று சொல்லிக் கீழே பழைய டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். காது கொஞ்சம் போயிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பழியில் பெரும்பங்கு ஸ்பீக்கர் வாங்கிய விதத்துக்கு.

கடையில் என்ன நடக்கிறது? முதலில் ஆள் உயர ஜோடி ஸ்பீக்கர்களைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகு, வால்நட் மரத்தோல், பளபளப்பு. அடுத்து சோபாவை உலுக்கும் சப்வூஃபர். பட்ஜெட்டில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மிச்சத்தில் "இந்த செட்டோட ஒரு சென்டரும் போட்டுடுறோம் சார்" என்று, கல்யாண சாப்பாட்டில் கடைசியாக வைக்கும் பீடா மாதிரி ஒரு சின்னப் பெட்டியைச் சேர்ப்பார்கள். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். முதலில் சென்டர் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதே வரிசையில் அதற்குப் பொருத்தமான இடது, வலது ஸ்பீக்கர்களை வாங்குங்கள். மற்றதெல்லாம் மீந்த பணத்தில்.

காரணம் சொல்கிறேன். 5.1 என்கிறார்களே, அதில் முன்னால் இடது, நடு, வலது என்று மூன்று, பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று, வெடிச் சத்தம் போன்ற அடித்தொனிகளுக்கு மட்டுமான தனித் தடம். சினிமாவில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. நாம் படம் பார்த்து வளர்ந்த தியேட்டர்களில் ஸ்பீக்கர் எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாது, வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருந்தது. திரையில் ஊசி முனை போன்ற ஆயிரக்கணக்கான துளைகள் வழியாகக் குரல் வந்தது. அதனால்தான் சிவாஜி பேசினால் சிவாஜியின் வாயிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது. 1940-களில் அமெரிக்காவின் ஆல்டெக் லான்சிங் நிறுவனம் தியேட்டர்களுக்கென்று செய்த புகழ்பெற்ற ஸ்பீக்கர்களுக்கு வைத்த பெயரே 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்'. குரல் என்றுதான் பெயர் வைத்தார்கள், குண்டு என்று வைக்கவில்லை.

பிரெஞ்சில் ஸ்பீக்கருக்கு 'ஓ-பார்லேர்' என்று பெயர். உரக்கப் பேசுபவர் என்று பொருள். பெட்டியோடு சேர்ந்த ஸ்பீக்கரை 'ஆன்சேன்த்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கர்ப்பிணி என்றும் ஓர் அர்த்தம் உண்டு. வகுப்பில் அதற்குச் சிரித்து முசியேயிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. நம்முடைய 'ஒலிபெருக்கி' சத்தத்தைப் பெருக்குவதோடு நின்றுவிடுகிறது. பிரெஞ்சுக்காரன் அதைப் பேசுகிற ஆளாகவே பார்த்திருக்கிறான்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது எது? 1952-ல் வந்த பராசக்தி, 1959-ல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன், 1965-ல் வந்த திருவிளையாடல். எல்லாம் மோனோ, ஒரே தடம். இடதிலும் வலதிலும் ஒரே ஒலி வந்தால், ரிசீவரின் டால்பி புரோலாஜிக் போன்ற சரவுண்ட் முறை அதைப் பிரித்து நடு ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடும். அதாவது, தருமியாக நாகேஷ் புலம்புவது முழுக்க அந்தக் கடைசியாகச் சேர்த்த சின்னப் பெட்டியிலிருந்து வரும். பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கும். செய்தியும் அப்படித்தான், பட்டிமன்றமும் அப்படித்தான். செலவழித்த பணம் ஓரிடத்தில், கேட்கிற ஒலி வேறிடத்தில்.

வயதானால் காது முதலில் இழப்பது உச்சத் தொனிகளை. உயிரெழுத்துகளின் பலம் கீழ்த் தொனிகளில் இருக்கிறது, அவை கேட்டுக்கொண்டே இருக்கும். ச, த, ப, க போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது, அது மங்கும். அதனால்தான் 'சத்தம் கேட்குது, வார்த்தை புரியலை' என்கிறோம். வால்யூமைக் கூட்டினால் கேட்டுக்கொண்டிருந்ததுதான் மேலும் கேட்கும், புரியாதது புரியாமலே இருக்கும். லகர, ளகர, ழகர வித்தியாசத்தில் பெரும்பகுதி சுமார் 1500 முதல் 3500 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தில் இருக்கிறது. சாதாரண இருவழி ஸ்பீக்கரில், பெரிய கூம்பு தன் வேலையைச் சின்ன ட்வீட்டரிடம் கைமாற்றிக் கொடுப்பதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான். அந்தக் கைமாற்றம் சரியில்லாவிட்டால் தமிழ்தான் முதலில் அடிபடும்.

இங்கே ஒரு விவரத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெரும்பாலான சென்டர்கள் படுக்கைவாட்டில் நீளப் பெட்டியாக இருக்கும். நடுவில் ட்வீட்டர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு வூஃபர். இரண்டு வூஃபரும் ஒரே ஒலியைத் தருகின்றன. நேர் எதிரே உட்கார்ந்தால் இரண்டுக்கும் தூரம் சமம், பிரச்சினை இல்லை. சற்று ஓரமாக உட்கார்ந்தால் ஒன்று கிட்டே, மற்றொன்று எட்டே. வூஃபர்களுக்கு நடுவே 30 செ.மீ. இடைவெளி, நீங்கள் 30 டிகிரி ஓரத்தில் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஒலிக்கும் 15 செ.மீ. தூர வித்தியாசம் வரும். 1100 ஹெர்ட்ஸை ஒட்டிய தொனிகளில் ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும், இரண்டும் அடித்துக்கொண்டு காணாமல் போகும். மனிதப் பேச்சின் நட்டநடு அது. சரி, வீட்டில் ஓரத்தில் யார் உட்காருகிறார்கள்? நடு சோபாவில் பிள்ளையும் பேரனும். பக்கத்து திவானில், சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று, தாத்தாவும் பாட்டியும். உள்ளதில் மோசமான காதுக்கு உள்ளதில் மோசமான இடம்!

இதற்கு மாற்று உண்டு. ட்வீட்டருக்கு நேர் கீழே அல்லது மேலே தனியாக ஒரு மிட்ரேஞ்ச், இரு ஓரங்களிலும் வூஃபர் என்று அமைந்த மூவழி சென்டர்கள் கிடைக்கின்றன. பேச்சை அந்த மிட்ரேஞ்ச் ஒன்றே பார்த்துக்கொள்வதால் ஓரத்தில் இருப்பவருக்கும் குரல் கெடுவதில்லை. வலையைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். புரொஜெக்டர் போடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஒலி புகும் திரை வாங்கி, அதன் பின்னால் ஒரே மாதிரியான மூன்று ஸ்பீக்கர்களை நிற்கவைக்கலாம். தியேட்டர்காரர்கள் செய்வது அதைத்தான். சென்டரே வேண்டாம், நல்ல ஜோடி போதும் என்று வாதிடுகிற இசை ரசிகர்களும் இருக்கிறார்கள். தனியாக நடுவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது சரி. குடும்பமாகப் பார்க்கும் வீட்டில் ஒத்துவராது. ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் பக்கத்து ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

கடைக்காரர் தரும் தாளில் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்சிட்டிவிட்டி என்று ஒன்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றை 90 டெசிபல் ஸ்பீக்கருக்குச் சமமாகப் பாட வைக்க நாலு மடங்கு சக்தி வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

பெயர் மயக்கமும் நம் ஊரில் உண்டு. பிரெஞ்சுப் பெயர் என்றால் நம்மவர்களுக்குத் தனி மோகம். நானும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான், ஆகவே உரிமையோடு சொல்லலாம். கபாஸ், 1950-லிருந்து இருக்கும் நிறுவனம். ஃபோக்கல், 1979-ல் சேந்த் எத்தியேனில் தொடங்கியது. இரண்டும் உலகத் தரமானவை, சந்தேகமில்லை. ஆனால் இங்கிலாந்துக்காரனோ ஜப்பான்காரனோ செய்த பெட்டியில் உங்கள் வீட்டம்மாவுக்கு வசனம் தெளிவாகக் கேட்டால் அதை வாங்குங்கள். காதுக்கு தேசியம் கிடையாது.

அறைக்கு வருகிறேன். இதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் இதில் கமிஷன் இல்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ், உயரமான கூரை, மரக் கட்டைகள், புத்தக அலமாரி. ஒலி அங்கங்கே சிதறும். புதிதாகக் கட்டும் அறையிலோ நாலு பக்கமும் வழவழவென்று பூசிய சுவர், தரையில் பெரிய பளபளா டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஸ்பீக்கரிலிருந்து வந்த வார்த்தை சுவர்களில் மோதி மோதி அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை கிளம்பிவிடும், இரண்டும் குழம்பும். வெறும் அறையில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். 'டங்ங்' என்று இழுத்தால் எவ்வளவு விலை ஸ்பீக்கரும் அங்கே தோற்கும். தரையில் கனமான ஜமக்காளமோ கம்பளமோ, கண்ணாடிக்கு மடிப்பு மடிப்பாகக் கனத்த திரைச்சீலை, பின்சுவரில் புத்தகங்கள். கை தட்டினால் அரை நொடிக்குள் அடங்க வேண்டும். சோபாவைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவதும் பலன் தரும், அதற்குச் செலவே இல்லை. சென்டரை டிவி அலமாரிக் குடைவுக்குள் செருகாதீர்கள், பானைக்குள் பேசுவது போலிருக்கும். அலமாரியின் விளிம்புவரை முன்னால் இழுத்து, அடியில் ஏதாவது கொடுத்து, முகம் காதை நோக்குமாறு சற்று நிமிர்த்தி வையுங்கள்.

நம் கடற்கரை ஊருக்கென்று ஒன்று. வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள மடிப்பு வளையம் ஃபோமா, ரப்பரா என்று கேளுங்கள். ஃபோம் வளையம் ஈரக்காற்றில் சில வருடங்களில் கறிவேப்பிலை காய்ந்த மாதிரி உதிரும். ரப்பர் நின்று பேசும். பழைய வெளிநாட்டு ஸ்பீக்கர்களை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கட்டாயம் வலையை எடுத்து விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வயருக்கு மீட்டர் இத்தனை ஆயிரம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டு அறைத் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு வயர் தாராளம்.

கேட்டுப் பார்க்கப் போகும்போது கடைக்காரர் தன் வழக்கமான சண்டைக் காட்சியைப் போடுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு வரிக்கு வரி மனப்பாடமான படத்தைப் போட்டால் ஸ்பீக்கர் விழுங்கியதை உங்கள் மூளையே நிரப்பிவிடும். ஆகவே பார்க்காத தமிழ்ப் படம் ஒன்றில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். வால்யூமை உங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு வைக்கும் அளவுக்கே வையுங்கள். பத்து நிமிடம் நடுவில், பத்து நிமிடம் ஓரத்தில் உட்காருங்கள். ரிசீவரில் சென்டரை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டிவைக்க வழி உண்டு. வெடிச்சத்தத்தை அடக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் இரவு முறையும் பலவற்றில் இருக்கும். இரண்டையும் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு அந்த மெனுவை யாரும் தேட மாட்டார்கள்.

போகும்போது பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டில் யாருக்குக் காது மிகவும் மந்தமோ அவரைக் கூட்டிப் போங்கள். காதுக் கருவி வைத்திருந்தால் அதை மாட்டிக்கொண்டே வரட்டும், கௌரவம் பார்த்துக் கழற்றிப் பைக்குள் போட வேண்டாம். காட்சி முடிந்ததும் "நல்லா இருந்துதா?" என்று கேட்காதீர்கள், நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். "அவ அவன்கிட்ட என்ன சொன்னா?" என்று கேளுங்கள்.