சிங்கத்துக்கு முன் ஊசி

கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் நாங்கள் முதலில் தேடியது கேமராவுக்கு நீளமான லென்ஸ். ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே நல்ல காலம். செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் கூட்டங்கள் ஆற்றைக் கடந்து வரும். ஆகஸ்டுக்கு முன்பணம் கட்டினோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர், 67 வயது அம்மா.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, பயண முகவர் உட்பட.

சிக்கல் போகும்போது அல்ல, திரும்பும்போதுதான். அந்தக் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்களிடம், ஒரு வயதைத் தாண்டிய குழந்தையானாலும், மலேசியாவும் சிங்கப்பூரும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் போட வேண்டும்.

ஐந்து பேருக்குப் பிரச்சினையில்லை. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்கள் முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதென்றாலும், சற்றுக் கூடுதல். "கட்டாயம் போகணுமா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். வெளியே வந்ததும் அம்மா, "நான் வீட்டுல இருக்கேன்யா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பணத்தில் பாதி போயிற்று.

ஆகவே, போகிறவர்கள் பணம் கட்டுமுன் டாக்டரைப் பாருங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடலாம். உள்ளூர்ச் சிறு விமானத்தில் போனால் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பையில். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் கென்யாவில் தடை. நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள். செட்சி ஈக்களுக்கு அந்த நிறங்கள் பிடிக்கும்.

நாங்கள் சபாவுக்குப் போனோம். சண்டாக்கான் வரை விமானம், பிறகு காரில் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரை. படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் அம்மாவின் முழங்காலுக்கும் தொல்லையில்லை. பைனாகுலர் மட்டும் ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். நாங்கள் இரண்டைக் கொண்டுபோய்ப் படகில் சண்டை. சாயங்காலம் நீள மூக்குக் குரங்குகள் தூங்குவதற்குக் கரையோர மரங்களுக்கு வந்தன. அம்மா எண்ணத் தொடங்கி, 23-இல் பேரனிடம் பைனாகுலரைப் பறிகொடுத்தார்.

மாரா அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஐந்து மஞ்சள் அட்டைகளும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.