ஆல்பத்தில் இருப்பது என் தங்கையின் முகமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வேலையாக என்ன செய்கிறார்கள்? வீட்டு விசேஷப் படங்களை எல்லாம் அதில் காப்பி செய்து பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நிறத்தை அளந்தும் பாருங்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு என் தங்கைக்குத் திருமணம். ஆல்பம் வந்தது. இரண்டு பக்கம் புரட்டியவள், "இது நான் இல்லை" என்று மூடி வைத்துவிட்டாள். மாநிறமான அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஸ்டூடியோவில் கேட்டோம். "லைட்டிங்கைத்தான் சரி செய்தோம். உங்கள் மானிட்டரில் அப்படித் தெரிகிறது" என்றார்கள்.

பெருங்குடியில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மானிட்டருக்கு மானிட்டர் நிறம் மாறித் தெரியும், உண்மைதான். ஆனால் பைலுக்குள் இருப்பவை எண்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்ஸெலுக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். எந்த மானிட்டரில் பார்த்தாலும் இவை மாறாது.

இவற்றை அளக்க பிளெண்டர் என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்தினேன். சினிமா கிராபிக்ஸ் நிறுவனங்கள் பயன்படுத்தும் நியூக் விலை அதிகம். பிளெண்டரோ 2002 முதல் ஓப்பன் சோர்ஸ். இலவசமாக டவுன்லோட் செய்யலாம். இதன் கம்போசிட்டர் பகுதியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி உண்டு. அதற்கு நோட் என்று பெயர். படத்தைத் தரும் நோட், வெட்டும் நோட், சராசரி காணும் நோட் என்று ஒயர் இணைப்பது போல் ஒன்றோடொன்று இணைக்கலாம்.

ஒரு படத்துக்கு இது போதும். இருநூறு படங்களுக்கு? அங்கேதான் ஸ்கிரிப்ட் கை கொடுக்கும். பிளெண்டருக்குள்ளேயே பைதான் மொழி இருக்கிறது. படத்தின் பிக்ஸெல்களைக் கேட்டால், ஒரு பிக்ஸெலுக்கு நான்கு எண்கள் வீதம் (நான்காவது ஆல்பா) நீண்ட வரிசையாகத் தரும். எண்கள் 0 முதல் 1 வரை இருக்கும். 255 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். கன்னத்தில் ஒரு சிறு சதுரம், புடவையில் ஒரு சிறு சதுரம். இரண்டுக்கும் சராசரி எடுக்க இருபது வரி எழுதினேன்.

ஒரு படத்தின் விடை இது. ஒரிஜினலில் கன்னம் 150, 104, 80. ஆல்பத்தில் 212, 172, 150. அரக்குப் புடவை ஒரிஜினலில் 96, 22, 34. ஆல்பத்தில் 97, 23, 35.

புரிகிறதா? லைட்டிங்கைச் சரி செய்திருந்தால் புடவையும் வெளிச்சமாகியிருக்கும். புடவை அப்படியே இருக்கிறது. முகம் மட்டும் மாறியிருக்கிறது. எண்களைக் காட்டியதும், "எல்லாரும் கேட்பதுதானே சார்" என்றார்கள். என் தங்கை கேட்கவில்லையே!

இது இன்று வந்த வழக்கமல்ல. பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அந்த முகத்தை வைத்தே பிரிண்டுகளின் நிறத்தைச் சரிபார்த்தார்கள். 2009-ல் நம் சென்னையிலேயே விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு, கறுப்பும் அழகே என்று 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. ஆனாலும் ஆல்பங்களில் முகங்கள் வெளுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

விரும்பிக் கேட்பவர்களுக்கு வெளுப்பாக்கித் தரட்டும், அது அவர்கள் இஷ்டம். கேட்காமலே செய்வதுதான் தவறு. நாளை அவள் மகள் அந்த ஆல்பத்தைப் பார்த்து, தன் நிறம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

எனவே ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, ஒரிஜினல் பைல்கள் அனைத்தும் வேண்டும், நிறத்தை மாற்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர்கள் விண்டோஸில் உள்ள பெயிண்டில் படத்தைத் திறந்து, கலர் பிக்கரால் கன்னத்தைத் தொட்டு, எடிட் கலர்ஸில் மூன்று எண்களையும் பார்க்கலாம். ஒரிஜினல், ஆல்பம் இரண்டையும் ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் ஆல்பத்தை மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவளே எடுத்துக் காட்டுகிறாள்.