அறுக்காதீர்கள், ஆறு நாள் பொறுங்கள்

பழைய சைக்கிளில் சீட் கம்பி பிரேமுக்குள் இறுகிப்போனால், "அறுத்துடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அவரை அப்படிச் சொல்ல வைப்பது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற நாம்தான் என்பது என் கட்சி. 31 வருடம் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1968-ல் வாங்கிய ஹெர்குலிஸ் சைக்கிள் எங்கள் புழக்கடையில் நிற்கிறது. அவர் காலமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவர் உயரத்துக்கு ஏற்றி வைத்த சீட் இன்னும் அதே உயரத்தில்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பேத்திக்கு அந்த வண்டியில்தான் டியூஷனுக்குப் போக வேண்டுமாம். "பார் வெச்ச வண்டி கண்ணு" என்றால், "சுடிதார்தானே தாத்தா, காலைத் தூக்கிப் போட்டுக்குவேன்" என்கிறாள். சீட்டை மூன்று அங்குலம் இறக்கினால் கால் எட்டும். போல்ட்டைக் கழற்றினோம். கம்பி அசையவே இல்லை.

மகன், "இரும்புக்கடைல போட்டுடலாம்ப்பா, புதுசு வாங்கிக்கலாம்" என்றான். இரண்டு கடைகளில் ஒரே பதில்: "கம்பியப் பிரேமோட சேத்து அறுத்துட்டு, வேற பைப் வெச்சு வெல்டு அடிச்சுடலாமுங்க சார். அரை மணி நேர வேலை, முந்நூறு ரூபா."

ஏன் இறுகுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சீட் கம்பியை இறுக்குவதற்காக பிரேம் குழாயின் மேல்முனையில் பின்பக்கம் ஒரு பிளவு விட்டிருப்பார்கள். பின்சக்கரம் வாரியடிக்கிற மழைத் தண்ணீர் அந்தப் பிளவு வழியாக உள்ளே போகும். கம்பியும் இரும்பு, குழாயும் இரும்பு. துரு என்பது தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். மயிரிழை இடைவெளியில் அது பெருகினால் ஆப்பு அடித்த மாதிரிதான். ஆகவே இது பலத்தால் தீர்கிற விஷயம் இல்லை. துருவுக்குள் எண்ணெய் இறங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

பையன்களுக்கு நான் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. இரண்டு பாகம் ஒட்டிக்கொண்டால், எது கடையில் கிடைக்கும், எது கிடைக்காது என்று முதலில் பார். கிடைக்கிறதைப் பலி கொடு, கிடைக்காததைக் காப்பாற்று. சீட் கம்பி எந்த சைக்கிள் கடையிலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அந்தக் கால பிரேம் கிடைக்காது. பிரேமை அறுக்கிற யோசனை இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிறது.

மூன்றாவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க சார்" என்றார். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சக்கரங்களைக் கழற்றினார். காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, பெடல் கட்டையையும் பிபி ஆக்சிலையும் வெளியே எடுத்தார். பிறகு பிரேமைத் தலைகீழாக நிறுத்தினார். இப்போது பிபி ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றினால் நேராகக் கம்பியின் அடிமுனைக்குப் போய்ச் சேரும். மேலே பிளவில் மட்டும் சொட்டு விடுகிறவர்களுக்கு இந்த வழி தோன்றுவதில்லை. காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக துரு இளக்கும் எண்ணெய். இடையிடையே துணியைச் சுற்றிக் கொதிக்கிற வெந்நீர். சுட்டு ஆறும்போது துருவில் கீறல் விழும், எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும். நெருப்பு காட்டவில்லை. எண்ணெய் ஊறிய குழாயில் நெருப்பு வைப்பது ஆபத்து, பெயிண்டும் போய்விடும்.

ஐந்தாம் நாள் சீட்டைக் கழற்றிவிட்டு, கம்பியின் தலையை பெஞ்ச் வைஸில் கடிக்க வைத்தார். இரண்டு பேர் பிரேமைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். இழுக்கவில்லை, திருப்பினார்கள். துருப்பிடிப்பை உடைப்பது திருப்பல்தான். முதலில் ஒரு நூல் அளவு நகர்ந்தது. ஆறாம் நாள் கம்பி வெளியே வந்தது. அதற்கும் வராவிட்டால், கம்பியை மேலே அறுத்துவிட்டு, உள்ளே ஆக்சா பிளேடை விட்டுக் கையாலேயே நீளவாக்கில் பிளந்து சுருட்டி எடுத்திருப்பார். அப்போதும் பிரேம் பிழைக்கும்.

புது மாடல் சைக்கிளில் அலுமினியக் கம்பி இருந்தால் மட்டும் கதை வேறு. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் இறுகும், கம்பியைக் குளிரவைக்க வேண்டும். அலுமினியத்தைக் கரைக்க காஸ்டிக் சோடா ஊற்றுகிறவர்கள் உண்டு. கண்ணையும் தோலையும் பொசுக்கும், தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். வீட்டில் வேண்டாம்.

இப்போது கூலிக்கு வருகிறேன். அவர் கேட்டது 200 ரூபாய். ஆறு நாளில் மொத்தம் நாலு மணி நேரமாவது கை வேலை. கடையில் ஓர் ஆள் நிற்கும் இடத்தை வேறு என் வண்டி அடைத்துக்கொண்டிருந்தது. அறுக்கிறவருக்கு அரை மணிக்கு 300, காப்பாற்றுகிறவருக்கு ஆறு நாளைக்கு 200! நான் 800 கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கிச் சொன்னது: "இவ்வளவு வாங்குறேன்னு தெரிஞ்சா அடுத்த ஆளு வரமாட்டாங்க சார்."

அந்த பயம்தான் பிரேமை அறுக்கிறது. ஓட்டலில் பில்லைப் பார்க்காமல் பணம் வைக்கிற நாம் சைக்கிள் கடையில் இருபது ரூபாய்க்கு வாதாடுகிறோம். வேகமாகச் செய்தால் பணம், நிதானமாகச் செய்தால் நஷ்டம் என்று ஆக்கிவிட்டு, "இப்பல்லாம் யாருக்குங்க பொறுமை இருக்கு?" என்று பேசுகிறோம். பொறுமை இருக்கிறது. அதற்கு விலை கொடுக்கத்தான் ஆளில்லை.

சைக்கிளின் விலையைவிடக் கூலி அதிகமானால் என்ன செய்வது என்று சிலர் கேட்பீர்கள். குழாயே துருவில் ஓட்டை விழுந்திருந்தால், அல்லது யாருமே ஓட்டப்போவதில்லை என்றால், இரும்புக்கடைக்கே போகட்டும். அப்பாவின் ஞாபகம் என்று வைத்து ஒட்டடை படியவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓட்ட ஆள் இருக்கிற வண்டிக்கு மட்டுமே நான் வாதாடுகிறேன்.

உங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தால், பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளாக இருந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை சீட் போல்ட்டைத் தளர்த்துங்கள். கம்பியை முழுதாக உருவித் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். பத்து நிமிடம் போதும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன்னால் செய்தால் போதும். அசையவில்லை என்றால் பொறுமையான மெக்கானிக்கைத் தேடிப் போங்கள். எவ்வளவு நாள் ஆகும் என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு ரூபாய் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.