கடைக்குச் சீல் வைத்தபின் செய்யவேண்டியது

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கு,



2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அதே கடையில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கடையை மூடினார்கள், ஊர் ஊராகச் சோதனை நடந்தது. தங்கள் அலுவலர்கள் அன்று பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சீல் வைப்பது தவறு செய்தவருக்கான தண்டனை. அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் எந்தக் கிருமி, எந்தப் பொருளில், எந்தக் கட்டத்தில் புகுந்தது என்று தெரியவேண்டும். ஒவ்வொரு சம்பவத்திலும் அந்த விடையைத் தேடி, அதை மக்கள் முன் வைக்கவேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

அப்படி விடை தேடியதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2011 மே மாதம் வட ஜெர்மனியில் ரத்தபேதியும் சிறுநீரகச் செயலிழப்புமாக நோயாளிகள் குவிந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ104 வகைக் கிருமி. ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் முதலில் பழி விழுந்தது. சில நாட்களில் வெள்ளரியில் இருந்தது வேறு வகை என்று தெரியவந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறி விலைபோகாமல் குப்பைக்குப் போயிருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்த விதம் இதுதான். நோயைப் பரப்பியது முளைகட்டிய விதை. ஆனால் அதைச் சாப்பிட்டதே நோயாளிகளில் பலருக்கு நினைவில் இல்லை. தட்டின் ஓரத்தில் தூவிய நாலு முளையை யார் ஞாபகம் வைத்திருப்பார்? அதனால் ஜெர்மனியின் ராபர்ட் காக் நிறுவன ஆய்வாளர்கள் ஓர் உணவகத்தை எடுத்துக்கொண்டு, அங்கே சாப்பிட்ட பத்துக் குழுக்களைத் தேடிப் பிடித்தார்கள். பில்லையும், சாப்பாட்டு மேசையில் எடுத்த படங்களையும் வைத்து யார் எதைச் சாப்பிட்டார் என்று குறித்தார்கள். பிறகு சமையல்காரரிடம் போய், எந்த உணவில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள். முளை சேர்த்த உணவைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 14 மடங்கு அதிகமாக இருந்தது. தடம் பிடித்துப் போனால், எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் போய் நின்றது. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற அதே வெந்தயம். ஜெர்மனியில் மட்டும் ஏறக்குறைய 3,800 பேர் நோயுற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நான் பார்த்த நிலைமை வேறு. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விருந்துச் சாப்பாட்டில் பாதிக்கப்பட்டவர்களின் மல மாதிரி இரண்டாம் நாள் மாலையில்தான் எங்கள் கைக்கு வரும். அதற்குள் ஆன்டிபயாடிக் ஏறியிருக்கும். மறுநாள் காலை கல்ச்சர் தட்டைத் திறந்தால் சால்மொனெல்லாவும் இருக்காது, ஷிகெல்லாவும் இருக்காது. மிஞ்சிய குழம்பைக் கொட்டி, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்திருப்பார்கள். 'நோய்க்கிருமி வளரவில்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மனம் ஆறாமல்தான் வீட்டுக்குப் போவேன்.

பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. நல்ல முடிவு. அதனால் எத்தனை பேர் தப்பினார்கள் என்று சொல்ல, கிருமிவாரியாக நோயாளிகளின் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத தடையைக் கேள்வி கேட்பவர்களுக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது.

தங்களிடம் மூன்று கோரிக்கைகள். முதலாவது, உணவு நஞ்சானதாகத் தம்மிடம் வரும் சம்பவங்களை மருத்துவர்கள் தெரிவிக்கவேண்டும் என்று அறிவிக்கை வெளியிட, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு வழிசெய்கிறது. சின்ன கிளினிக் வரை அது நடைமுறைக்கு வரத் தாங்கள் முனையவேண்டும். இரண்டாவது, முதல் மாத்திரைக்கு முன்பே மல மாதிரி எடுக்கவும், விடுதிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சமைத்த ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் குளிர்பெட்டியில் எடுத்துவைக்கவும் ஏற்பாடு வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு மாதத்துக்குள், பாதிக்கப்பட்டவர்களின் பெயர் இல்லாமல், இரண்டு பக்க அறிக்கை தமிழில் வெளிவரவேண்டும். கிருமி அகப்படவில்லை என்றால், ஏன் அகப்படவில்லை என்பதையும் அதில் எழுதட்டும்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நாம் தரக்கூடிய ஈடு எதுவுமில்லை. ஆனால் "என் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று அவள் கேட்டால், பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. அந்தப் பதில் கிடைக்கத் தாங்கள் ஆவன செய்யவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்