பாட்டியின் மாத்திரையை ஏன் நிறுத்தச் சொன்னார்கள்?

உங்களில் பலருக்கு வீட்டில் ஒரு கூடுதல் வேலை இருக்கும். மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தால் அதைப் படித்துத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ சொல்ல வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் தாளை எடுத்து, புரியாத சொற்களைத் தாண்டிக் குதித்து, "காலையில எட்டு மணிக்குப் போகணுமாம் பாட்டி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். பெரும்பாலான கடிதங்களுக்கு அது போதும். சிலவற்றுக்குப் போதாது. அப்படிப்பட்ட ஒரு தாளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். சினாக்தென் பரிசோதனைக்கு வருவோருக்குக் கொடுக்கப்படும் வழிகாட்டித் தாள் அது.

நான் பார்த்த இத்தகைய தாள்களில் கட்டளைகள் நிறைய இருக்கும். இந்த மாத்திரையை நிறுத்துங்கள், இத்தனை மணிக்கு வாருங்கள், மற்ற மருந்துகளின் விவரத்தைக் கொண்டு வாருங்கள். ஏன் என்பதுதான் பல வேளைகளில் இருக்காது. காரணம் சொல்லப்படாத கட்டளையை மனிதர்கள் பாதிதான் பின்பற்றுவார்கள். இந்தப் பரிசோதனையில் பாதி பின்பற்றுவது ஆபத்தாகவும் முடியலாம். எனவே ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் அரை வரியிலாவது காரணம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, படிவம் 4 உயிரியல் பாடத்தைப் படித்த நீங்களே அந்தக் காரணத்தைச் சொல்ல முடியும்.

முதலில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி போல ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. பள்ளியில் 'கெலென்ஜார் அட்ரினல்' என்று படித்திருப்பீர்கள். தமிழில் அண்ணீரகச் சுரப்பி. ஒன்றின் எடை ஏறக்குறைய 4 அல்லது 5 கிராம்தான். அதன் வெளிப்பகுதி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்த அழுத்தம் விழாமல், சர்க்கரை குறையாமல், காய்ச்சலோ விபத்தோ வந்தால் உடல் தாக்குப்பிடிக்க உதவுவது இந்தக் கார்ட்டிசோல்.

அண்ணீரகம் தானாகச் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்டூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை இரத்தத்தில் அனுப்பினால்தான் சுரக்கும். கார்ட்டிசோல் போதுமான அளவு ஆனதும் பிட்டூட்டரி தன் கையை இழுத்துக்கொள்ளும். தேர்வுக்காக 'சுவாப் பாலிக் நெகாத்திஃப்' என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அந்த எதிர்மறைப் பின்னூட்டம் இதுதான்.

அண்ணீரகம் பழுதானால் என்ன ஆகும் என்பதை 1855-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் தாமஸ் அடிசன் எழுதி வெளியிட்டார். அவர் காலத்தில் காசநோய் இதற்கு ஒரு முக்கியக் காரணம். தீராத களைப்பு, எடை குறைதல், தலைசுற்றல், உப்பின் மேல் ஆசை, தோல் கறுத்தல் ஆகியவை அறிகுறிகள். நம் வீடுகளில் தோல் கறுத்தால் "வெயில்ல அலைஞ்சா இப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். ஈறுகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்தால் அதற்கு வெயில் காரணமாக இருக்க முடியாது. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கும் இந்த அடிசன் நோய் இருந்தது.

நோய் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "ஒரு தடவை இரத்தம் எடுத்து கார்ட்டிசோலை அளந்தால் போதாதா, டீச்சர்?" என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. கார்ட்டிசோல் விடியற்காலையில் ஏறி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். இடையிலும் அலை அலையாக ஏறி இறங்கும். ஒரே ஓர் அளவை வைத்துப் பல வேளைகளில் தீர்ப்புச் சொல்ல முடியாது. வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்குப் பாடம் புரிந்ததா என்று தெரிய வேண்டுமானால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் இல்லையா? சினாக்தென் ஊசி அந்தக் கேள்விதான்.

இயற்கையான ஏசிடிஎச் 39 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் முதல் 24 இருந்தாலே அண்ணீரகத்தைத் தூண்டப் போதும். அந்த 24-ஐ மட்டும் செயற்கையாகக் கோத்துச் செய்த மருந்தே சினாக்தென். கொடுப்பது 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. முதலில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு நரம்பிலோ தசையிலோ ஊசி. 30 நிமிடம் கழித்து மறுபடி இரத்தம். பல இடங்களில் 60-ஆவது நிமிடத்திலும் எடுப்பார்கள். ஆரோக்கியமான அண்ணீரகம் அரை மணி நேரத்தில் கார்ட்டிசோலை நன்றாக உயர்த்திக் காட்டிவிடும். லிட்டருக்கு 500 அல்லது 550 நானோமோலைத் தாண்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. புதிய அளவீட்டு முறைகளில் 400-ஐ ஒட்டிய எல்லைகளும் பயன்படுகின்றன. அதனால் எண்ணை இணையத்தில் தேடி நீங்களே பாட்டிக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எந்தக் கருவியில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எல்லை மாறும்.

இப்போது தாளுக்கு வருவோம். "ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையைப் பரிசோதனைக்கு முன் சாப்பிட வேண்டாம்." முதல் நாள் மாலை மாத்திரையையும் அன்று காலை மாத்திரையையும் தள்ளிவைக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம், சரியான நேரத்தை உங்கள் மருத்துவமனைதான் சொல்லும். காரணம் எளிது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்பது கார்ட்டிசோலேதான், மருந்தாக வரும்போது பெயர் மாறியிருக்கிறது. பாட்டி அதை விழுங்கிவிட்டுப் போனால், ஆய்வகம் சுரப்பியை அளக்காது, மாத்திரையை அளக்கும். சுரப்பி தூங்கிக்கொண்டிருந்தாலும் முடிவு நன்றாக வந்துவிடும். பிரெட்னிசோலோனின் மூலக்கூறும் கார்ட்டிசோலைப் போலவே இருப்பதால் சில அளவீட்டு முறைகளை ஏமாற்றிவிடும். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் வேறு வகையில் குழப்பும். கார்ட்டிசோலைச் சுமக்கும் புரதத்தை அவை கூட்டுவதால், அளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். அவற்றைப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு.

இந்த ஒரு காரணம் தெரிந்தால் இன்னொன்றும் தானாகப் புரியும். மாத்திரையைத் தள்ளிவைப்பது அளவீட்டுக்காக மட்டுமே. இரத்தம் எடுத்து முடிந்ததும் மறுபடி சாப்பிட வேண்டும். "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்" என்று பாட்டி நினைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால்? சுரப்பி வேலை செய்யாத உடலில் வெளியிலிருந்து வரும் கார்ட்டிசோலும் நின்றுபோகிறது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் சரிதல், சர்க்கரை குறைதல் என்று வரும் நிலையை அண்ணீரக நெருக்கடி என்பார்கள். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். பரிசோதனைக்கு முந்திய நாள் பாட்டிக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், பரிசோதனையை வேறு நாளில் செய்துகொள்ளலாம்.

தாளில் எனக்கு அதிகம் குறைபாடாகத் தெரிவது வேறொரு வரி. "நீங்கள் உட்கொள்ளும் மற்ற மருந்துகளைத் தெரிவிக்கவும்." நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மருந்து என்றால் கிளினிக்கில் கொடுத்தது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பம்ப், அரிப்புக்குத் தடவும் களிம்பு, மூட்டுவலிக்குத் தெரிந்தவர் வாங்கிக் கொடுத்த ஜாமு, உடல் இளைக்கத் தூள், இவையெல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஆனால் பம்பிலும் களிம்பிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். மூட்டுவலி ஜாமுவில் இருக்கவே கூடாது, ஆனாலும் இருந்திருக்கிறது. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அமைச்சும், சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன.

டெக்சாமெத்தசோன் வலியை வேகமாக அடக்கும், பசியைக் கூட்டும், முகத்தை உப்ப வைக்கும். "ஜாமு நல்லா வேலை செய்யுது, பாட்டி தெளிஞ்சிட்டாங்க" என்று வீடே மகிழும். உள்ளே பிட்டூட்டரி, இரத்தத்தில் ஸ்டீராய்டு நிறைய இருக்கிறது என்று நம்பி ஏசிடிஎச்-ஐ நிறுத்திவிடும். கேட்பாரற்ற அண்ணீரகம் வாரக்கணக்கில் சுருங்கும். ஒரு நாள் கடைக்காரரிடம் சரக்கு தீர்ந்துபோகிறது, அல்லது பாட்டியே நிறுத்திவிடுகிறார். சுருங்கிய சுரப்பியால் உடனே எழ முடியாது. நெருக்கடி வருகிறது, அதன் காரணம் யாருக்கும் தெரியாது. பொத்தாம்பொதுவாக "மற்ற மருந்துகள்" என்று கேட்டால் இந்த ஜாமு வெளியே வராது. "வலிக்குத் தூள், ஜாமு, களிம்பு, பம்ப், மூட்டில் போட்ட ஊசி" என்று பெயர் சொல்லித் தாள் கேட்க வேண்டும்.

தாள் நீண்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வரிசையில் எழுபது பேர் நிற்கும்போது ஒரு தாதி எத்தனை முறைதான் விளக்குவார்? ஆனாலும் "மாத்திரையும் ஆய்வில் கார்ட்டிசோலாகவே தெரியும்" என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? வாகனம் நிறுத்தும் இடம், கட்டணம், முகப்பு எண் எல்லாவற்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கும் தாள்களில் இதற்கு இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழிலும் ஒரு பக்கம் இருந்தால் நல்லது. பதினைந்து வயதுப் பேத்தியின் அவசர மொழிபெயர்ப்பில் ஒரு மாத்திரையின் கதி தொங்கக் கூடாது.

அதுவரை மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான். பரிசோதனைக்கு முந்திய வாரமே வீட்டிலுள்ள எல்லாப் புட்டிகளையும் பொட்டலங்களையும் மேசையில் வையுங்கள். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, ஹாலோகிராம் ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத எதையும் மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்; நீங்களாகத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், ஏன் என்று மேலே படித்தீர்கள். பாட்டிக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். அரிதாக இந்த ஊசி ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால்தான் ஊசி போட்ட பிறகு சற்று நேரம் கண்காணிக்கிறார்கள்.

அன்று காலை தள்ளிவைத்த மாத்திரையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு துண்டு ரொட்டி, ஒரு புட்டி தண்ணீர். கடைசி இரத்தம் எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும்போதே தாதியிடம் கேளுங்கள்: "பாட்டி இப்போ மாத்திரை போட்டுக்கலாமா?"