டிராகன் கதை ஹராம், தங்கக் குவியல் ஹலாலா?

 

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் பல பிள்ளைகளுடன் செல்கின்றன. அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று ‘தி ஹாபிட்’ நாவலை ஆவலோடு கையில் எடுக்கிறது. அட்டையில் டிராகனைக் கண்டதும் பெற்றோர் சிலர் அதை வாங்கி அடுக்கிலேயே திரும்ப வைத்துவிடுகின்றனர். ‘பொய்க்கதை, சூனியக் கதை, நஸராக்களின் கதை’ என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அந்தப் பிள்ளை வீடு திரும்பிக் கைப்பேசியில் மூழ்குவதை மட்டும் எவரும் தடுப்பதில்லை. இம்மூன்று காரணங்களையும் மார்க்கத்தின் வெளிச்சத்தில் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது, பொய். கேட்பவரை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்வதே பொய். கற்பனை என்று இருதரப்பும் அறிந்தே சொல்லிக் கேட்கும் கதை அவ்வகையைச் சேர்ந்ததன்று. பஸ்ராவின் அல்ஹரீரி (மறைவு 1122) எழுதிய ‘மகாமாத்’தின் நாயகன் அபூஸைத், நாவன்மையால் ஊரை ஏய்க்கும் கற்பனைப் பாத்திரம். விலங்குகள் பேசும் கதைகளை ஒருவரும் வெறுத்ததில்லையே என்று ஹரீரி தம் முன்னுரையிலேயே வாதாடினார். அந்நூல் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் பல தலைமுறைகளாகக் கற்பிக்கப்படுகிறது. ஆலிம்கள் அரபியில் கற்பனைக் கதை பயிலலாம், நம் பிள்ளைகள் பயிலக்கூடாது என்பது என்ன நியாயம்?

இரண்டாவது, சூனியம். ஸிஹ்ர் அழிவில் ஆழ்த்தும் பெரும்பாவங்களுள் ஒன்று என்பதில் நமக்கு இம்மியும் ஐயமில்லை. மந்திரம் கற்பிக்கும் நூலை வீட்டுக்குள் விடவே கூடாது. ஆனால் சூனியத்தைப் பற்றிப் பேசுவது வேறு, கற்பிப்பது வேறு. ஃபிர்அவ்னின் சூனியக்காரர்களை மூஸா (அலை) அவர்கள் வென்ற வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்கிறோம். ‘ஹாபிட்’டில் ஒரு மந்திரக் கிழவரும் அணிந்தவரை மறைக்கும் மோதிரமும் வருகின்றன, கற்றுக்கொள்ளும்படியான மந்திரம் ஏதுமில்லை. எது கற்பனை, எது அகீதா என்று பிரித்துச் சொல்லும் கடமை பெற்றோருடையது. புத்தகத்தைப் பறிப்பதால் அக்கடமை நிறைவேறிவிடாது.

மூன்றாவது, எழுதியவரின் சமயம். 1937-இல் இந்நாவலை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கீன், பற்றுமிக்க கத்தோலிக்கர். உண்மைதான். ஆயினும் எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த ‘கலீலா வ திம்னா’ எங்கிருந்து வந்தது? நம் நாட்டுப் பஞ்சதந்திரத்திலிருந்து, பாரசீகத்தின் வழியே. சாகசக் கதை நமக்கு அந்நியமுமன்று. தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான ‘அசன்பே சரித்திர’த்தை 1885-இல் வெளியிட்டவர் இலங்கை அறிஞர் சித்திலெப்பை. அதுவும் ஒரு சாகசக் கதையே! இதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

இனி, நாவலைத்தான் பார்ப்போமே. ஸ்மாக் என்னும் டிராகன் பிறரிடமிருந்து பறித்த பொற்குவியலின்மேல் படுத்துக் கிடக்கிறது. தனக்குப் பயன்படாத பொன்னில் ஒரு கிண்ணம் குறைந்தாலும் சீறி எழுகிறது. அது மாண்டபின் அதன் நோய் மற்றவர்களைப் பற்றுகிறது. குள்ளர் தலைவன் தோரின், வீடிழந்து நிற்கும் மக்களுக்குப் பங்கு தர மறுத்துப் போரின் விளிம்புக்கே செல்கிறான். ஏரி நகரத்தின் தலைவனோ மக்களின் நிவாரணப் பொன்னோடு ஓடிப் பாழ்நிலத்தில் பட்டினியால் சாகிறான். எளியவனான பில்போ மட்டும் தன் பங்கென்று வைத்திருந்த விலைமதிப்பற்ற கல்லைச் சமாதானத்துக்காக விட்டுக்கொடுக்கிறான். தன்னைக் கொல்ல வந்தவனைக் கொல்லும் வாய்ப்பிருந்தும் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான். செல்வத்தைப் பெருக்கும் போட்டி மனிதனை மறதியில் ஆழ்த்துவதைத் ‘தகாஸுர்’ அத்தியாயத்தில் ஓதுகிற நமக்கு இதில் அஞ்ச என்ன இருக்கிறது?

அஞ்ச வேண்டியது வேறொன்று. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய சமுதாயத்தில், பெண் வீட்டாரிடம் ‘எத்தனை பவுன்?’ என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மகளின் திருமணத்துக்காகக் கடன் வாங்கி உஸ்மான் சாலை நகைக்கடைகளில் ஏறி இறங்கும் தந்தையர் இருக்கின்றனர். பிறர் வீட்டுப் பொன்னை வாங்கிப் பூட்டி அதன்மேல் காவல் இருப்பவனுக்கும் ஸ்மாக்குக்கும் என்ன வேறுபாடு? அட்டையிலுள்ள டிராகனை விரட்டுவோர் முதலில் அலமாரிக்குள் படுத்திருப்பதை விரட்டட்டும்.

ஆகவே பெற்றோரே! கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் எடுக்கும் நூலை நீங்களும் வாசியுங்கள். தொழுகை நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும், ‘அந்தப் பொன்னை நீ என்ன செய்திருப்பாய்?’ என்று கேளுங்கள். அந்தப் பதில் நாளை உங்கள் மகன் மணமேடையில் அமரும்போது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

பேராசையிலிருந்தும் பயனற்ற கல்வியிலிருந்தும் அல்லாஹ் நம் சந்ததிகளைக் காப்பானாக. ஆமீன்.